ஆள் பார்க்கிற வேலையின் கதை



இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு ஓய்வாக உட்கார்ந்து படியுங்கள்.

போன மாதம் ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு டெக்சாஸிலிருந்து போன் வந்தது. 1988இல் என்னிடம் ஆறாம் வகுப்பு படித்த மாணவன். இன்று அவனுக்குத் தலை நரைத்துவிட்டது. எனக்கு இன்னும் 'அவன்'தான். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

"டீச்சர், பையன் புள்ளியியல் படிச்சு முடிச்சிட்டான். நல்ல கம்பெனில வேலை கிடைக்கும். ஆனா இவன் ஏதோ காலேஜ் ஃபுட்பால் டீம்ல ஆள் பிடிக்கிற வேலைக்குப் போறேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். சம்பளமும் சொல்லிக்கிற மாதிரி இல்ல. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க டீச்சர்."

"எனக்கு அந்த விளையாட்டே தெரியாதேப்பா" என்றேன். "தெரிஞ்சுக்கிட்டு சொல்லுங்க, நான் காத்திருக்கேன்" என்றான். ஆறாம் வகுப்பில் நான் அவனிடம் அடிக்கடி சொன்ன வார்த்தை அது. திருப்பிக் கொடுத்துவிட்டான்!

அதனால் ஒரு மாதமாகப் படித்தேன். படிக்கப் படிக்க, இது ஏதோ அந்நிய நாட்டு விளையாட்டுக் கதை என்ற எண்ணம் போய்விட்டது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஒரு விளக்கம். அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் நாம் ஆடும் கால்பந்து இல்லை. அதை அவர்கள் சாக்கர் என்கிறார்கள். இது இரண்டு முனையும் கூரான பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற, எறிகிற, மோதுகிற ஆட்டம். தலைக்கவசம், தோள்கவசம் எல்லாம் உண்டு. அங்கே இதில் கல்லூரி அணிகளுக்கு உள்ள மவுசு நம் ஊர்க்காரர்களுக்கு நம்ப முடியாதது. பல பல்கலைக்கழகங்களின் மைதானத்தில் எண்பதாயிரம், ஒரு லட்சம் பேர் உட்காரலாம்.

இந்த ஆட்டத்தின் முதல் கல்லூரிப் போட்டி 1869 நவம்பர் 6ஆம் தேதி நியூ ஜெர்சி மாநிலத்தில் நடந்தது. ரட்கர்ஸ் கல்லூரியும் பிரின்ஸ்டனும் மோதின. பக்கத்துக்கு 25 பேர். 6-4 என்று ரட்கர்ஸ் ஜெயித்தது. அப்போது தேர்வாளரும் இல்லை, சம்பளப் பயிற்சியாளரும் இல்லை. மாணவர்களே கூடி, மாணவர்களே ஆடினார்கள்.

ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை வந்ததும் எல்லாம் மாறியது. யார் நன்றாக ஆடுகிறான், அவனை எப்படி நம் கல்லூரிக்குக் கொண்டுவருவது என்று பழைய மாணவர்கள் தேட ஆரம்பித்தார்கள். ஒரு கல்லூரிக்கு இந்த ஆண்டும் இன்னொன்றுக்கு அடுத்த ஆண்டும் ஆடிய 'நாடோடி ஆட்டக்காரர்கள்' இருந்தார்கள். 1905இல் ஒரு பத்திரிகை யேல் அணித் தலைவர் ஜேம்ஸ் ஹோகனைப் பற்றி எழுதியது. படிப்புச் செலவு இலவசம், க்யூபாவுக்கு உல்லாசப் பயணம், அதோடு கல்லூரி வளாகத்தில் விற்கும் ஒரு சிகரெட்டுக்குக் கமிஷன்! மாணவர் என்ற பெயரில் இதெல்லாம் நடந்தது.

அதே 1905இல் ஆட்டத்தில் அடிபட்டுக் குறைந்தது 18 பேர் இறந்ததாக அன்றைய பத்திரிகைகள் கணக்குச் சொல்லின. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் மூன்று கல்லூரிக்காரர்களையும் வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அடுத்த ஆண்டு கல்லூரிகள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தன. 1910 முதல் அதன் பெயர் என்.சி.ஏ.ஏ. கல்லூரி விளையாட்டுக்கு அங்கே விதி வகுப்பது இந்தச் சங்கம்தான்.

விதி வந்தால் ஒழுங்கு வந்துவிடுமா? 1929இல் கார்னகி அறக்கட்டளை நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளை நேரில் ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. ஏறக்குறைய நான்கில் மூன்று கல்லூரிகள் ஏதாவது ஒரு வழியில் ஆட்டக்காரர்களுக்குப் பணமோ சலுகையோ கொடுத்து இழுக்கின்றன என்று அது சொன்னது. கல்லூரிகள் வெட்கப்பட்டன. ஆனால் வழக்கத்தை விடவில்லை.

கடைசியில் 1956இல் ஒளிவு மறைவை விட்டுவிட்டு, விளையாட்டுத் திறமைக்காகவே உதவித்தொகை கொடுக்கலாம் என்று என்.சி.ஏ.ஏ. அனுமதித்தது. கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அதில் அடக்கம். அப்போது சங்கத்தை நடத்தியவர் வால்டர் பையர்ஸ். 'மாணவ விளையாட்டு வீரர்' என்ற சொல்லைப் புழக்கத்தில் விட்டவரும் அவர்தான். அதற்கு ஒரு காரணம் இருந்தது. கொலராடோவில் ரே டென்னிசன் என்ற மாணவர் 1955இல் ஆட்டத்தில் அடிபட்டு இறந்தார். அவர் மனைவி, தொழிலாளிக்குக் கிடைக்கும் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார். 'அவர் ஊழியர் இல்லை, மாணவர்' என்பதே கல்லூரிகளின் வாதம். 1957இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் இழப்பீடு கிடையாது என்று தீர்ப்புச் சொன்னது. ஒரு சொல்லுக்குள் எத்தனை பணம் ஒளிந்திருக்கிறது பாருங்கள். அதே பையர்ஸ் ஓய்வு பெற்ற பிறகு, தான் கட்டிய அமைப்பையே கடுமையாகக் குறை சொல்லிப் புத்தகம் எழுதினார்.

உதவித்தொகை சட்டப்படி வந்ததும், அதை யாருக்குக் கொடுப்பது என்று தேர்ந்தெடுப்பது ஒரு முழுநேர வேலையானது. பயிற்சியாளர்கள் ஊர் ஊராகப் போனார்கள். உயர்நிலைப்பள்ளி மைதானத்தில் ஓரமாக நின்று பார்ப்பார்கள். பிறகு பையனின் வீட்டுக்குப் போய் உட்காருவார்கள். அம்மா கொடுப்பதைச் சாப்பிட்டு, 'உங்கள் பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று வாக்குக் கொடுப்பார்கள். பெண் பார்க்கப் போகிற மாதிரிதான். பையன் கையெழுத்துப் போடும் ஒப்பந்தத் தாள் 1964இல் வந்தது. பல ஆண்டுகள் பிப்ரவரி முதல் புதன்கிழமைதான் கையெழுத்து நாள். அன்றைக்குச் சில ஊர்களில் திருவிழாவே நடக்கும்.

இனி இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன்.

இந்தத் தேர்வாளர்கள் எல்லா ஊருக்கும் போனார்களா? போகவில்லை. தென் மாநிலங்களில் வெள்ளையர் கல்லூரிகள் கறுப்பின மாணவர்களைச் சேர்க்காத காலம் அது. கறுப்பின மாணவர்களுக்கென்று தனிக் கல்லூரிகள் இருந்தன. லூசியானாவில் கிராம்ப்ளிங் என்ற சின்ன ஊரில் அப்படி ஒரு கல்லூரி. அங்கே 1941இல் பயிற்சியாளராகச் சேர்ந்த எட்டி ராபின்சன், 1997 வரை அதே இடத்தில் இருந்தார். குத்தகை விவசாயியின் மகன். அவர் அணி 408 ஆட்டங்களில் வென்றது. இருநூறுக்கும் மேற்பட்ட மாணவர்கள் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார்கள்.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்த செய்தி வேறு. காலையில் கையில் மணியை எடுத்துக்கொண்டு விடுதி வராந்தாவில் அடித்துக்கொண்டே போவாராம். பயிற்சிக்கு எழுப்ப இல்லை, வகுப்புக்கு எழுப்ப! இதைப் படித்தபோது யாரோ நம் பழைய விடுதிக் காப்பாளரைப் பார்த்த மாதிரி இருந்தது.

இந்தக் கல்லூரிகளில் இருந்த திறமை யாருக்கும் தெரியாமலா இருந்தது? கறுப்பின மக்களின் பத்திரிகைகள் வாரம்தோறும் எழுதிக்கொண்டிருந்தன. 1949இல் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் என்ற தொழில்முறை அணி, எட்டி கோட்டல் என்ற தன் தேர்வாளர் மூலம் கிராம்ப்ளிங்கிலிருந்து டேங்க் யங்கர் என்ற வீரரை எடுத்தது. கறுப்பினக் கல்லூரியிலிருந்து என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக்குக்குப் போன முதல் ஆள் அவர். கதவு கொஞ்சம் திறந்தது. ஆனாலும் பெரும்பாலான அணிகள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

பிட்ஸ்பர்க் நகரத்தில் 'பிட்ஸ்பர்க் கூரியர்' என்ற கறுப்பினப் பத்திரிகையில் விளையாட்டுப் பகுதியைப் பார்த்துக்கொண்டவர் பில் நன். 1950 முதல் ஒவ்வொரு ஆண்டும் கறுப்பினக் கல்லூரிகளின் சிறந்த அணியைத் தேர்ந்தெடுத்து வெளியிட்டவர். அதற்காகத் தெற்கே பயணம் செய்து பயிற்சியாளர்களை எல்லாம் நேரில் பழகி வைத்திருந்தார். உள்ளூர்த் தொழில்முறை அணியான ஸ்டீலர்ஸ் அந்தப் பட்டியலைக் கண்டுகொள்வதே இல்லை என்ற வருத்தம் அவருக்கு. அது உரிமையாளர் குடும்பத்தைச் சேர்ந்த டான் ரூனி காதுக்கு எட்டியது. அவர் கோபப்படவில்லை. கூப்பிட்டுப் பேசி, 'நீங்களே வந்து தேர்ந்தெடுங்கள்' என்றார். 1967இல் பகுதி நேரமாகச் சேர்ந்த நன், பிறகு முழுநேரத் தேர்வாளரானார்.

அவர் காலத்தில் எல்.சி. கிரீன்வுட், மெல் பிளவுன்ட், எர்னி ஹோம்ஸ், டோனி ஷெல் என்று கறுப்பினக் கல்லூரிகளிலிருந்து வரிசையாக வந்தார்கள். அதுவரை பெரிதாக எதையும் வென்றறியாத அந்த அணி, ஆறு ஆண்டுகளுக்குள் நான்கு முறை சூப்பர் பவுல் கோப்பையை வென்றது.

ஜான் ஸ்டால்வொர்த் என்ற மாணவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். அலபாமா ஏ அண்ட் எம் கல்லூரி. பல அணிகளின் தேர்வாளர்கள் ஒன்றாகப் போய் அவர் ஓடும் வேகத்தை அளந்தார்கள். தரை ஈரமாக இருந்தது. நேரம் சுமாராகத்தான் வந்தது. எல்லோரும் குறித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நன் மட்டும் 'எனக்கு உடம்பு சரியில்லை' என்று சாக்குச் சொல்லி அங்கேயே தங்கினார். மறுநாள் காய்ந்த தரையில் ஓட விட்டு மறுபடி அளந்தார். இப்போது நேரம் நன்றாக வந்தது! 1974 தேர்வில் ஸ்டீலர்ஸ் அவரை நான்காவது சுற்றில் எடுத்தது. 2002இல் ஸ்டால்வொர்த்துக்கு அந்த விளையாட்டின் புகழ் மண்டபத்தில் இடம் கிடைத்தது. 2014இல் காலமான நன்னுக்கும் 2021இல் அதே மண்டபத்தில் இடம் கொடுத்தார்கள்.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பரீட்சைப் பேப்பர் திருத்தியவள். ஈரத் தரையில் ஓடவிட்டு மதிப்பெண் போட்டது எத்தனை பிள்ளைகளுக்கோ! மறுநாள் வரை காத்திருந்து இரண்டாம் முறை அளந்தேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

இன்னொருவர் லாயிட் வெல்ஸ். கான்சாஸ் சிட்டி அணியின் தேர்வாளர், இவரும் பத்திரிகையிலிருந்து வந்த கறுப்பினத்தவர். அப்போது இரண்டு தொழில்முறை லீக்குகளுக்கிடையே கடும் போட்டி. எதிர் லீக்காரர்கள் ஓடிஸ் டெய்லர் என்ற கல்லூரி வீரரை, வேறு யாரும் பேசிவிடக் கூடாது என்று 1964இல் டல்லாஸ் பக்கத்தில் ஒரு மோட்டலில் காவல் போட்டுத் தங்க வைத்திருந்தார்கள். வெல்ஸ் எப்படியோ கண்டுபிடித்து, ஜன்னல் வழியாக அவரை வெளியே கொண்டுபோய்விட்டார். சினிமா பார்ப்பது போல இருக்கிறது. ஆனால் ஒரு மனிதனைச் சரக்கு மாதிரி ஒளித்துவைத்ததை நினைத்தால் சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது.

டெக்சாஸ் மாணவனின் மகனுக்காக ஒரு செய்தியைத் தனியாகக் குறித்து வைத்தேன். 1960களின் தொடக்கத்தில் டல்லாஸ் கவ்பாய்ஸ் அணி, வீரர்களைத் தேர்ந்தெடுக்கக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்த நினைத்தது. அந்த முறையை வகுத்துக் கொடுத்தவர் யார் தெரியுமா? சலாம் குரேஷி. இந்தியாவில் பிறந்த புள்ளியியல் நிபுணர்! அமெரிக்கக் கால்பந்து அவருக்கும் தெரியாது. நம் ஊர்க்காரர்களைப் போலக் கிரிக்கெட் தெரியும்.

தேர்வாளர்கள் ஆளுக்கொரு வார்த்தையில் எழுதிக்கொண்டிருந்த நூற்றுக்கணக்கான குணங்களை அவர் ஐந்தாகச் சுருக்கினார். ஒழுக்கம், விரைவும் உடல் கட்டுப்பாடும், போட்டி மனப்பான்மை, மனக் கூர்மை, வலிமை. எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோலில் மதிப்பெண். ஐந்தில் மூன்று உடம்பைச் சேர்ந்ததே இல்லை என்பதைக் கவனியுங்கள். கம்ப்யூட்டர் கேட்டது அதைத்தான். ஆனால் ஒரு பையனின் ஒழுக்கத்துக்கு மதிப்பெண் போட, யாராவது ஒருவர் அவன் ஊருக்குப் போய், அவன் வாத்தியாரிடம் பேசித்தானே ஆக வேண்டும்?

தெற்கு மாறிய கதையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 1970 செப்டம்பர் 12. கலிபோர்னியாவின் யு.எஸ்.சி. அணி அலபாமாவுக்கு வந்து, முழுக்க வெள்ளையர்களைக் கொண்ட உள்ளூர் அணியை 42-21 என்று தோற்கடித்தது. சாம் கன்னிங்ஹாம் என்ற கறுப்பின மாணவர் 135 கெஜம் ஓடினார். அந்த ஓர் ஆட்டம்தான் அலபாமாவை மாற்றியது என்று சொல்வது வழக்கம். உண்மையில் வில்பர் ஜாக்சன் என்ற கறுப்பின மாணவரை அலபாமா அதற்கு முன்பே சேர்த்திருந்தது. முதலாண்டு மாணவர் என்பதால் அவர் அன்று ஆடவில்லை. ஆனால் அந்த நாளுக்குப் பிறகு வேகம் கூடியது. பெரிய பல்கலைக்கழகங்களின் தேர்வாளர்கள் கறுப்பினக் குடும்பங்களின் வாசலில் வந்து நின்றார்கள். நியாயம்தான். ஆனால் கிராம்ப்ளிங் போன்ற கல்லூரிகளுக்கு நல்ல ஆட்டக்காரர்கள் கிடைப்பது குறைந்தது. பிள்ளைகளுக்கு லாபம், அவர்களை வளர்த்த கல்லூரிக்கு நஷ்டம்.

எடுத்த ஆளை வளர்ப்பது தனி வேலை. 1969இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் பாய்ட் எப்லி என்ற மாணவர் முதுகு அடிபட்டு, சின்ன அறை ஒன்றில் எடை தூக்கிப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். அடிபட்ட ஃபுட்பால் மாணவர்களும் அவரோடு சேர்ந்து தேறுவதைப் பயிற்சியாளர்கள் கவனித்தார்கள். எடை தூக்கினால் உடம்பு இறுகி வேகம் குறையும் என்று எல்லோரும் நம்பிய காலம். தலைமைப் பயிற்சியாளர் பாப் டெவேனி அவரை வேலைக்கு எடுத்தார், யாராவது ஒருவனுக்கு வேகம் குறைந்தாலும் வேலை போய்விடும் என்ற எச்சரிக்கையோடு. யாருக்கும் குறையவில்லை. இன்று உடல் வலிமைப் பயிற்சியாளர் இல்லாத பெரிய கல்லூரி அணியே அமெரிக்காவில் இல்லை.

உடம்பை வளர்க்க ஆள் வந்துவிட்டார். படிப்பை?

1973இல் ஒரு விதி மாறியது. அதுவரை நான்கு ஆண்டுகளுக்குக் கொடுக்க முடிந்த உதவித்தொகையை, ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கிற ஒன்றாக்கினார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் வாக்குக் கொடுத்தவர், பையன் சரியாக ஆடவில்லை என்றால் அடுத்த ஆண்டு நிறுத்திவிடலாம். பல ஆண்டுகளுக்கான உதவித்தொகையை மறுபடி அனுமதிக்க 2012 வரை ஆனது.

பணமும் மறுபடி உள்ளே வந்தது. டல்லாஸில் உள்ள எஸ்.எம்.யு. பல்கலைக்கழகத்தில் 13 வீரர்களுக்குச் சுமார் 61,000 டாலர் ரகசியமாகக் கொடுக்கப்பட்டது. 1987இல் அந்த ஆண்டின் ஆட்டங்கள் மொத்தத்தையும் என்.சி.ஏ.ஏ. ரத்து செய்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் மரண தண்டனை.

ஆனால் என்னைத் தூங்க விடாத செய்தி இது இல்லை. டெக்ஸ்டர் மேன்லி என்ற வீரருடைய கதைதான். ஏறக்குறைய என் வயதுதான் அவருக்கும். ஹூஸ்டன் நகரத்தில் பிறந்து, அங்கேயே பள்ளியில் ஆடி, ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் ஆடி, வாஷிங்டன் தொழில்முறை அணியோடு இரண்டு சூப்பர் பவுல் வென்றவர். 1989 மே மாதம் அமெரிக்க செனட் குழு முன்னால் உட்கார்ந்து, கண்ணீரோடு ஓர் உண்மையைச் சொன்னார். தனக்கு எழுதப் படிக்கத் தெரியாமலே பள்ளியும் கல்லூரியும் தன்னைக் கடத்திவிட்டன என்றார். புகழின் உச்சியில் இருக்கும்போது, ஒரு மாலை நேரப் பள்ளியில் சேர்ந்து எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தார்.

யோசித்துப் பாருங்கள். அவர் ஓட்டத்தைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்! வேகத்தை நொடிக் கணக்கில் அளந்தார்கள். எடையை அளந்தார்கள். ஒரு பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்ல ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லையா? தோன்றியிருக்கும். வாசிக்க வராது என்று தெரிந்தால் ஆட விட முடியாதே. அதனால் கேட்கவில்லை.

இதை எழுதும்போது என் கை கொஞ்சம் நடுங்குகிறது. ஏனென்றால் நானும் அப்படிக் கேட்காமல் விட்டவள்.

எந்த ஊர், எந்தப் பள்ளி என்று சொல்லவில்லை. எண்பதுகளின் கடைசி. எட்டாம் வகுப்பில் ஒரு பையன். ஓடினால் காற்று மாதிரி. 400 மீட்டரில் வட்டார அளவில் முதலாவது வந்து, பள்ளிக்கு முதல் முறையாக ஷீல்டு வாங்கிக் கொடுத்தான். தமிழ்ப் பாடத்தில் ஒரு வரியைச் சேர்த்து வாசிக்க மாட்டான். எனக்குத் தெரியும். அடுத்த வாரம் மாவட்டப் போட்டி. பையனை நிறுத்தி வைத்து, மாலையில் எழுத்துக் கூட்டச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டிய ஒரு மணி நேரத்தில், 'போடா, போய் ஓடு' என்று மைதானத்துக்கு அனுப்பினேன். ஆண்டு முடிவில் மதிப்பெண்ணையும் போட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அவன் ஜெயிப்பதில் எனக்கும் ஒரு பெருமை இருந்தது, அவ்வளவுதான். மாவட்டத்தில் நான்காவது வந்தான். அதற்குப் பிறகு அவனைத் தேடி எந்தத் தேர்வாளரும் வரவில்லை.

பல ஆண்டுகள் கழித்து ஒரு நாள் வங்கியில் வரிசையில் நின்றேன். பின்னாலிருந்து ஒரு குரல். "டீச்சர், இந்த ஃபாரத்தைக் கொஞ்சம் எழுதித் தர்றீங்களா?" திரும்பிப் பார்த்தால் அவன். மீசை வைத்து, கையில் பாஸ்புக்கோடு. எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துப் போடும் இடத்தில் கைநாட்டு வைத்தான். "ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாப்பா, நான் சொல்லித் தர்றேன்" என்றேன். "இனிமே எதுக்கு டீச்சர்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சரி, அமெரிக்கக் கதைக்கு வருகிறேன். அங்கே சும்மா இருக்கவில்லை. உயர்நிலைப்பள்ளியில் குறிப்பிட்ட பாடங்களில் குறைந்தபட்ச மதிப்பெண்ணும், நுழைவுத் தேர்வில் 700ம் இருந்தால்தான் முதலாண்டில் ஆடலாம் என்று 1983இல் விதி போட்டு, 1986 முதல் நடைமுறைப்படுத்தினார்கள். கறுப்பினக் கல்லூரித் தலைவர்கள் எதிர்த்தார்கள். பள்ளியைச் சரி செய்யாமல் பிள்ளையைத் தண்டிக்கிறீர்கள் என்பது அவர்கள் வாதம். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. 1990இல், கல்லூரிகள் தங்கள் விளையாட்டு மாணவர்களில் எத்தனை பேர் பட்டம் முடிக்கிறார்கள் என்பதை வெளியிட வேண்டும் என்று சட்டம் வந்தது. அணிகளில் படிப்பு ஆலோசகர் என்ற வேலையும் பரவியது. இதுவும் வீரரை வளர்க்கிற வேலைதான், முக்கியமான வேலை.

ஒரு நல்ல கதையும் சொல்லிவிடுகிறேன், மனசு கனத்துவிட்டது. மிசிசிப்பி மாநிலத்தில் கிராபர்ட் என்ற சின்ன ஊர். ஒரு கொத்தனாரின் மகன் பள்ளிக்கு மட்டம் போட்டான். துணைத் தலைமையாசிரியர் பின்னால் வந்து நின்றதும் எடுத்தான் ஓட்டம். அவர் வேகத்தைப் பார்த்து அசந்துபோய், தண்டனையோடு ஃபுட்பால் பயிற்சியாளரிடமும் சொல்லி வைத்தார்! அப்பாவோடு சாரத்தில் நின்று, கீழேயிருந்து எறியும் செங்கல்லைப் பிடித்துப் பழகிய கை அந்தப் பையனுக்கு. பெரிய பல்கலைக்கழகங்கள் தேடி வரவில்லை. மிசிசிப்பி வேலி ஸ்டேட் என்ற சின்ன கறுப்பினக் கல்லூரியில் சேர்ந்தான். அவர்தான் ஜெர்ரி ரைஸ். பந்தைப் பிடித்து மொத்தம் 22,895 கெஜம் கடந்த அவருடைய சாதனையை இன்றுவரை யாரும் நெருங்கவில்லை. முதலில் அவரைக் கண்டுபிடித்தவர் ஒரு பள்ளிக்கூடத்துக்காரர்!

இன்று அந்த உலகம் மறுபடி மாறிவிட்டது. 2018இல் மாணவர்கள் கல்லூரி மாறுவதைச் சுலபமாக்கும் ஒரு பதிவேடு வந்தது. 2021 ஜூலை முதல் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஓர் ஒப்பந்தப்படி, பல்கலைக்கழகங்களே விளையாட்டு மாணவர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம், முதல் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை. 1905இல் சிகரெட் கமிஷனாக ஒளிந்து கொடுத்தது இப்போது கணக்கில் வந்துவிட்டது.

அதனால் கல்லூரி அணிகளில் வேலைகளும் பெருகிவிட்டன. வீடியோ பார்த்து மதிப்பிடுபவர், பள்ளிப் பயிற்சியாளர்களோடு தொடர்பு வைப்பவர், புள்ளிவிவரம் பார்ப்பவர், உணவு ஆலோசகர், படிப்பு ஆலோசகர், இவர்களுக்கெல்லாம் மேலே பொது மேலாளர். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் 2024இல் தன் பழைய மாணவரும் புகழ்பெற்ற வீரருமான ஆண்ட்ரூ லக்கை அந்தப் பதவிக்கு அழைத்தது. கீழ்ப் படியில் சேருகிறவர்களுக்குச் சம்பளம் குறைவு, இரவு பகல் பார்க்காத வேலை. நம் மாணவனின் பையன் நிற்பது அந்தப் படியில்தான்.

அங்கே உயர்நிலைப்பள்ளியில் இந்த ஆட்டம் ஆடுபவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். கல்லூரி அணி வரை வந்தவர்களிலேயே நூற்றுக்கு இரண்டு பேர்கூடத் தொழில்முறை ஆட்டக்காரர் ஆவதில்லை. மிச்சம் தொண்ணூற்றெட்டுப் பேருக்கும் ஒரு வாழ்க்கை வேண்டுமே? ஆள் பார்க்கிறவர் அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் இந்த நூற்றைம்பது ஆண்டுக் கதையில் நான் கற்றுக்கொண்டது.

போன ஞாயிற்றுக்கிழமை மாணவனுக்குப் போன் போட்டேன். "பையனைப் போக விடுப்பா. அது ஆள் பிடிக்கிற வேலை இல்ல, ஆள் பார்க்கிற வேலை. நானும் அந்த வேலைதான் பார்த்தேன்" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு போனைப் பையனிடம் கொடுத்தான். அவனுக்குத் தமிழ் கொஞ்சம் தடுமாறும், ஆனால் புரியும். மூன்று விஷயம் சொன்னேன். மற்றவர்கள் போகாத ஊருக்கு நீ போ. ஈரத் தரையில் அளந்ததை நம்பாதே, இன்னொரு நாள் அளந்து பார். ஒவ்வொரு பையனையும் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேள். "ஓகே பாட்டி" என்றான். டீச்சர் போய்ப் பாட்டியாகிவிட்டேன்!

என்னிடம் படித்தவர்களில் பலர் இன்று ஆசிரியர்களாக இருக்கிறீர்கள். இரண்டு பேர் உடற்கல்வி ஆசிரியர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளிக்கு ஷீல்டு வாங்கிக் கொடுக்கிற பிள்ளையின் தமிழ் நோட்டை நாளைக்கு ஒரு முறை திறந்து பாருங்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்